118 பெயர்கள், 18,000 ரூபிள்

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. ரஷ்யாவின் ‘கொம்சொமோல்ஸ்காயா பிராவ்தா’ நாளிதழ் அன்று ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 118 பெயர்கள். வடக்குக் கடற்படை அதிகாரி ஒருவருக்கு 18,000 ரூபிள் கொடுத்து அந்தப் பட்டியலை வாங்கியதாகப் பத்திரிகையே ஒளிக்காமல் சொன்னது. அன்றைய மதிப்பில் சுமார் 650 டாலர்.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் ‘குர்ஸ்க்’ என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் கடலுக்குப் போனவர்கள். கப்பல் பேரண்ட்ஸ் கடலின் தரையில் போய் விழுந்து அன்றோடு ஆறு நாள். அதுவரை கடற்படை பட்டியலை வெளியிடவில்லை. தங்கள் மகன் அந்தப் பயணத்தில் இருந்தானா, விடுப்பில் கரையில் இருந்தானா என்றுகூடத் தெரியாமல் பெற்றோர்கள் ரஷ்யாவின் மூலைமுடுக்குகளிலிருந்து மூர்மன்ஸ்க் போகும் ரயில்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் பெற்று வைத்த பெயரைத் தாங்களே தெரிந்துகொள்ள, யாரோ ஒரு நிருபர் யாருக்கோ பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் இன்னொரு பட்டியலும் இருந்தது. கடல்மட்டத்துக்கு 108 மீட்டர் கீழே, விளக்கெல்லாம் அணைந்துபோன ஓர் இரும்பு அறையில், இளம் அதிகாரி ஒருவரின் சட்டைப்பையில். அதில் 23 பெயர்கள். தன்னோடு உயிரோடு எஞ்சியவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்து அவர் எழுதி வைத்திருந்தார். சாவின் விளிம்பில் இருந்தவருக்கு அந்தப் பெயர்கள் முக்கியமாகப் பட்டன. விளக்கு வெளிச்சத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தளபதிகளுக்குப் படவில்லை. குர்ஸ்க் பற்றிக் கால் நூற்றாண்டு கழித்தும் எழுத உட்காருவதற்கு எனக்கு இந்த இரண்டு பட்டியல்களே காரணம்.

நிலத்துக்குத் தெரிந்த செய்தி

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. மாஸ்கோ நேரப்படி காலை 11 மணி 28 நிமிடம். நிலநடுக்கங்களையும் அணுகுண்டுச் சோதனைகளையும் கண்காணிக்கும் நோர்வேயின் ‘நோர்சார்’ நிலையக் கருவிகளில் சிறிய அதிர்வு ஒன்று பதிவானது. 135 வினாடி கழித்து இரண்டாவது அதிர்வு. இது முதலாவதைவிடப் பல மடங்கு பெரியது. ரிக்டர் அளவில் 4.2. ஐரோப்பாவின் வேறு நாடுகளிலும் கருவிகளின் முள் ஆடியது. கடலுக்கு அடியில் ஏதோ பெரிதாக வெடித்திருக்கிறது என்பது அந்தக் கணமே கல்லுக்கும் மண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே வடக்குக் கடற்படையின் போர்க்கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு நடந்த மிகப் பெரிய கடற்படைப் பயிற்சிகளில் அதுவும் ஒன்று. ‘பியோத்தர் வெலீக்கி’ என்ற அணுசக்திப் போர்க்கப்பலை எதிரியாகப் பாவித்து, குர்ஸ்க் அதன்மீது வெடிமருந்து இல்லாத பயிற்சி டார்பிடோ ஒன்றைச் செலுத்த வேண்டும். பகல் 11:30 முதல் 1:30க்குள் செலுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வெடிப்பின் ஓசையை பியோத்தர் வெலீக்கியின் ஒலியுணர் கருவிகள் பிடித்தன. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒன்றரை மணி ஆனது. டார்பிடோ வரவில்லை. குர்ஸ்கிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மாலை ஆறு மணிக்கு வந்திருக்க வேண்டிய வழக்கமான செய்தியும் வரவில்லை. ஆபத்து என்று அறிவித்துத் தேடச் சொன்னபோது இரவு 11:30. முதல் வெடிப்பிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்.

விபத்து நேர்ந்தால் தானாகப் பிரிந்து மேலே மிதந்து, இங்கேதான் இருக்கிறேன் என்று சமிக்ஞை அனுப்பும் அவசர மிதவை ஒன்று குர்ஸ்கில் இருந்தது. அது எழவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு குர்ஸ்க் மத்தியதரைக் கடலில் அமெரிக்காவின் ஆறாவது கடற்படைப் பிரிவை ஒளிந்திருந்து வேவு பார்க்கப் போயிருந்தது. மிதவை தற்செயலாகப் பிரிந்து மேலே போனால் ஒளிந்திருக்கும் இடம் அம்பலமாகிவிடும் என்று அப்போது அதை முடக்கி வைத்தார்கள். திரும்பி வந்த பிறகும் அதைச் சரிசெய்யவில்லை. ரகசியம் காக்க எடுத்த முடிவு ஒன்று இப்படிக் கப்பலோடு தங்கிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில்தான் கடல்தரையில் கிடந்த குர்ஸ்கை அடையாளம் கண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையாளர்களிடம் பேசிய வடக்குக் கடற்படைத் தளபதி அட்மிரல் வியாச்செஸ்லாவ் பப்போவ், பயிற்சி நல்லபடியாக நடந்தது என்று சொன்னார். குர்ஸ்க் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

காயத்தில் நுரைக்கும் மருந்து

குர்ஸ்க் எவ்வளவு பெரியது என்று சொன்னால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். நீளம் 154 மீட்டர். அது விழுந்துகிடந்த கடலின் ஆழமோ 108 மீட்டர். கப்பலைச் செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தினால் 46 மீட்டர் தண்ணீருக்கு மேலே தெரியும். இரண்டு அணு உலைகள், 24 கிரானித் ஏவுகணைகள். வெள்ளைக்கடல் ஓரத்துச் செவெரோத்வின்ஸ்க் கட்டுமானத் தளத்தில் உருவாகி, 1994 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின் மாபெரும் டாங்கிப் போர் 1943இல் நடந்த குர்ஸ்க் நகரின் பெயரைச் சூட்டினார்கள். இரட்டைச் சுவர் கட்டுமானம். இதை மூழ்கடிக்கவே முடியாது என்று மாலுமிகள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். எந்தக் கப்பலைப் பற்றியும் யாரும் சொல்லக் கூடாத பேச்சு அது.

அந்தக் கப்பலை எதிரியின் ஆயுதம் எதுவும் தொடவில்லை. அதன் சொந்த டார்பிடோ ஒன்றே அழித்தது. ‘65-76’ என்ற வகை. சுமார் ஐந்து டன் எடை, 11 மீட்டர் நீளம். அது ஓடுவதற்கு மண்ணெண்ணெய் எரிய வேண்டும். எரிய ஆக்சிஜன் வேண்டும். நீருக்கடியில் காற்று கிடையாது. ஆகவே ஹைட்ரஜன் பெராக்சைடை நிரப்பி வைப்பார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் விற்கும் அதே பெராக்சைடுதான், காயத்தில் ஊற்றினால் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருமே, அது. மருந்துக்கடைப் புட்டியில் பெரும்பகுதி தண்ணீர். டார்பிடோவில் இருப்பதோ மிக அடர்ந்த திரவம். செம்பு, பித்தளை போன்ற உலோகங்கள் மேலோ துருவின் மேலோ பட்டால் நொடியில் சிதைந்து நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பல ஆயிரம் மடங்கு விரிந்துவிடும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆபத்து யாருக்கும் தெரியாத புதிது அல்ல. 1955 ஜூனில், இங்கிலாந்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் நின்றிருந்த ‘சைடன்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியில் இதே வகை எரிபொருள் நிரப்பிய டார்பிடோ வெடித்து 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் காப்பாற்றுவதற்காக உள்ளே போன மருத்துவர். அந்த விபத்துக்குப் பிறகு பிரிட்டன் பெராக்சைடு டார்பிடோக்களையே கைவிட்டது. 45 ஆண்டு கழித்து ரஷ்யா அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. விலை மலிவு, வேகம் அதிகம்.

பயிற்சி டார்பிடோவில் கசிந்த பெராக்சைடு முதல் வெடிப்பை உண்டாக்கியது. முதல் அறையிலிருந்த அத்தனை பேரும் அப்போதே இறந்திருப்பார்கள். தீ பரவியது. கப்பல் மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு மூழ்கிக் கடல்தரையில் மோதும் நேரத்தில், அந்த அறையில் அடுக்கியிருந்த உண்மையான டார்பிடோக்கள் பல ஒன்றாக வெடித்தன. நோர்வே கருவியில் பதிவான இரண்டாவது அதிர்வு அது. கட்டளை அறையில் இருந்த கேப்டன் கென்னாதி லியாச்சின் உட்படக் கப்பலின் முன்பாதி முழுவதும் அதில் நொறுங்கியது.

கப்பல் கோபுரத்துக்குள் தப்பிக்கும் கூண்டு ஒன்று இருந்தது. குழு மொத்தமும் அதில் ஏறி மேலே மிதந்து வந்துவிடலாம். ஆனால் அதற்குப் போகும் வழி நொறுங்கிய முன்பாதியில் இருந்தது.

அணு உலைகள் இருந்த அறையின் தடுப்புச் சுவர் மட்டும் தாங்கியது. உலைகள் தாமாக நின்றுவிட்டன. கதிர்வீச்சு கசியவில்லை. பேரண்ட்ஸ் கடலின் மீன்வளத்தை நம்பி வாழும் மக்கள் அந்தச் சுவரை வடிவமைத்த பொறியாளர்களுக்குக் கடன்பட்டவர்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அதனால்தான் பிழைத்தார்கள்.

ஒன்பதாம் அறை

பின்பாதியில், ஆறாவது அறை முதல் ஒன்பதாவது அறை வரை, 23 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேப்டன்-லெப்டினன்ட் திமித்ரி கோலெஸ்னிகோவ். ஏழாவது அறைக்குப் பொறுப்பாளர். வயது 27. அவருடைய தந்தையும் நீர்மூழ்கியில் பணியாற்றியவர். சில மாதங்களுக்கு முன்புதான் திருமணம் ஆகியிருந்தது.

எல்லோரும் கடைசியான ஒன்பதாம் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பலிலிருந்து வெளியே போக அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி அந்த அறையின் தப்பிக்கும் குழாய். நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழம், உறைய வைக்கும் தண்ணீர், காயம்பட்ட உடல்கள். அப்படி வெளியேறி மேலே போனாலும் கடலின் பரப்பில் தூக்கிவிட ஒரு படகாவது காத்திருக்க வேண்டும். கப்பல் மூழ்கியது மேலே யாருக்குமே உறைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

பகல் 1:15க்குக் கோலெஸ்னிகோவ் எழுதினார். ஆறு, ஏழு, எட்டாம் அறைகளில் இருந்தவர்கள் ஒன்பதுக்கு வந்துவிட்டோம், இங்கே 23 பேர் இருக்கிறோம், யாராலும் மேலே போக முடியாது. மனைவிக்குச் சில வரிகள். பிறகு வெளிச்சம் போய்விட்டது. பின்னொரு நேரத்தில் மறுபடி காகிதத்தை எடுக்கிறார். இருட்டில் கையால் தடவித் தடவி எழுதுகிறேன் என்கிறார். பிழைக்கும் வாய்ப்பு இல்லை என்றே தோன்றுகிறது, நூற்றுக்குப் பத்தோ இருபதோதான் என்று கணக்குப் போடுகிறார். யாராவது இதை வாசிப்பார்கள் என்று நம்புவதாகச் சொல்கிறார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, மனம் தளர வேண்டாம் என்று முடிக்கிறார்.

அவரிடம் புலம்பல் இல்லை. யாரையும் பழிக்கவில்லை. ஓர் அதிகாரி தன் மேலதிகாரிக்குக் கொடுக்கும் அறிக்கை போலவே இருக்கிறது: நேரம், அறை எண், எத்தனை பேர், யார் யார், நிலைமை என்ன. கடற்படை அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கை அவர் கடைசி வரை காப்பாற்றினார். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த வாரம் செய்ததை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கரையில் சொன்ன பொய்கள்

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 14 அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. கப்பலில் கோளாறு, ஞாயிற்றுக்கிழமை அது கடல்தரையில் இறங்கி நின்றது என்றார்கள். நடந்தது சனிக்கிழமை. மாலுமிகளோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்றார்கள். காற்றும் மின்சாரமும் கீழே அனுப்புகிறோம் என்றார்கள். ஒன்றும் அனுப்பவில்லை, அனுப்பவும் வழியில்லை. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது என்றார்கள். பிறகு சத்தம் நின்றுவிட்டது என்றார்கள். அது வேறு கப்பலின் ஓசை என்று பின்னர் விளக்கினார்கள். ஒவ்வொரு சொல்லையும் பற்றிக்கொண்டு தொங்கிய தாய்மார்களை அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை.

மீட்புக்கு வந்த ‘மிகயீல் ருத்னித்ஸ்கி’ மரம் ஏற்றும் கப்பலாக இருந்து மாற்றியமைக்கப்பட்டது. அலையில் அசையாமல் நிலைத்து நிற்க அதனால் முடியாது. அதிலிருந்து இறக்கிய சிறு மீட்புக் கலங்கள் மணிக்கணக்கில் குர்ஸ்க்கின் மேல் மூடியோடு பொருந்தப் பார்த்துத் தோற்றுத் திரும்பின. மின்கலம் தீரும், மேலே வரும், மறுபடி இறங்கும். அந்தக் கலங்களை ஓட்டியவர்கள் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள், அவர்கள்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. பழைய கருவிகளைக் கொடுத்து அனுப்பிய அரசின்மேல்தான் சொல்ல வேண்டும். மீட்புப் பணிக்கென்று பயிற்சி பெற்ற ஆழ்கடல் முக்குளிப்பு வீரர்கள்கூட அங்கே இல்லை.

உதவி பக்கத்திலேயே இருந்தது. பிரிட்டனும் நோர்வேயும் செய்தி வந்த உடனே உதவ முன்வந்தன. வேண்டாம், எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்பது பதில். ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் ஒப்புக்கொண்டார்கள். பதவியேற்று மூன்றே மாதமான அதிபர் விளாதிமீர் புதின் அந்த நாள்களில் சோச்சி கடற்கரை மாளிகையில் விடுமுறையில் இருந்தார். கப்பல் மூழ்கியதை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெயிலில் கறுத்த முகத்தோடு, அரைக்கைச் சட்டையில் அவர் தொலைக்காட்சியில் தோன்றியதை ரஷ்யர்கள் மறக்கவில்லை.

இதற்கிடையே இன்னொரு கதை தயாராகிக்கொண்டிருந்தது. குர்ஸ்க்கோடு அயல்நாட்டு நீர்மூழ்கி ஒன்று மோதிவிட்டது என்று தளபதிகளும் துணைப் பிரதமர் இல்யா கிளெபானோவும் சொல்லத் தொடங்கினார்கள். அமெரிக்க நீர்மூழ்கிகள் அந்தப் பயிற்சியை வேவு பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. மோதல் நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதை சாகவில்லை. 2021இல்கூட ஓய்வுபெற்ற பப்போவ் அதையே மறுபடி சொன்னார்.

ஆகஸ்ட் 18. பட்டியல் அச்சான அதே நாள். கப்பலின் தளமான விதியாயெவோ ஊரில் குடும்பங்களைக் கிளெபானோவ் சந்தித்தார். ஒரு தாய் எழுந்து நின்று அவரை நோக்கிக் கத்தினார். எங்கள் பிள்ளைகள் அற்பச் சம்பளத்துக்குத் தகர டப்பாவுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த ஒரு பெண் அந்தத் தாயின் உடம்பில் ஊசியைச் செலுத்தினார். மயங்கிச் சரிந்தவரை அறைக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவும் கேமராவில் பதிவாகி உலகம் முழுக்க ஒளிபரப்பானது.

பிற்பகலுக்குள் திறந்த மூடி

ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை ‘சீவே ஈகிள்’ என்ற கப்பலில் நோர்வே முக்குளிப்பு வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். கடலடி எண்ணெய்க் குழாய்களில் வேலை செய்து பழகியவர்கள். நீரோட்டம் பயங்கரம், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மூடி சிதைந்துவிட்டது என்றெல்லாம் ரஷ்யத் தரப்பு சொல்லியிருந்தது. கீழே இறங்கியபோது தண்ணீர் தெளிந்திருந்தது. நீரோட்டம் பெரிதாக இல்லை. மூடியில் சிதைவும் இல்லை. ஒரு வால்வை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதைக்கூட மாற்றிச் சொல்லியிருந்தார்கள். நோர்வேத் தரப்பை வழிநடத்திய அட்மிரல் ஐனார் ஸ்கோர்கன், தவறான தகவல்கள் தொடர்ந்து வந்ததால் ஒரு கட்டத்தில் பணியையே நிறுத்திவிடலாமா என்று யோசித்ததாகப் பின்னர் சொன்னார்.

மறுநாள், ஆகஸ்ட் 21 திங்கட்கிழமை மூடிகளைத் திறந்தார்கள். ரஷ்யா ஒரு வாரம் போராடியும் முடியாத வேலை அவர்களுக்கு ஒரு நாள் வேலை. உள்ளே முழுக்கத் தண்ணீர்.

அன்று மாலை பப்போவ் தொலைக்காட்சியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, உங்கள் ஆண்களைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு மன்னியுங்கள் என்று கேட்டார். அவர் கண் கலங்கியது நடிப்பு இல்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கண்ணீருக்கு முந்தைய ஒன்பது நாள்களை மட்டும் அது கழுவாது.

மறுநாள் புதின் விதியாயெவோவுக்குப் போனார். குடும்பங்கள் அவரை மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். ரஷ்ய அதிபர் ஒருவரை மக்கள் நேருக்கு நேர் நிறுத்தி அப்படிக் கேட்டது அதற்குப் பிறகு நடந்ததாகத் தெரியவில்லை. கடற்படையைச் சீரழித்தவர்கள் தொலைக்காட்சி நிறுவனங்களை வைத்திருக்கும் கோடீஸ்வரர்கள் என்று அவர் அங்கே சாடினார். அடுத்த ஏப்ரலில் ‘என்டிவி’ தொலைக்காட்சி அரசு சார்ந்த காஸ்ப்ரோம் நிறுவனத்தின் கைக்குப் போனது. குர்ஸ்க் நாள்களில் அரசைத் துளைத்தெடுத்த இன்னொரு சேனலிலிருந்த தன் பங்கையும் கோடீஸ்வரர் பொரிஸ் பெரெசோவ்ஸ்கி இழந்தார். உண்மையை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பது குர்ஸ்க் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம். கிரெம்ளின் வேறு பாடம் கற்றுக்கொண்டது. செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லாரி கிங், நீர்மூழ்கிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபோது, மூழ்கிவிட்டது என்று ஒற்றைச் சொல்லில் மெல்லிய சிரிப்போடு புதின் பதில் சொன்னார்.

எட்டு மணி நேரமா, எட்டு நாளா

அக்டோபர் 25 அன்று, கப்பலின் பின்பாதியில் துளையிட்டு உள்ளே போன முக்குளிப்பு வீரர்கள் கோலெஸ்னிகோவின் உடலை மேலே கொண்டுவந்தார்கள். சட்டைப்பையில் காகிதம் இருந்தது. கடற்படை அதில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டியது. வெடித்த இரண்டு நிமிடத்தில் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று பின்னர் சொல்லத் தொடங்கியிருந்த கதை அந்த ஒரு தாளில் உடைந்துபோனது.

அந்த 23 பேர் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார்கள்? ஆக்சிஜன் தரும் வேதித் தகடுகளை அவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் படர்ந்த தண்ணீரில் பட்டால் அந்தத் தகடு தீப்பிடிக்கும். இருட்டில், குளிரில் விறைத்த விரல்களிலிருந்து ஒரு தகடு நழுவியிருக்கிறது. எரிந்த தீ அறையின் மிச்சக் காற்றையும் தின்றுவிட்டது. சுமார் எட்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது அரசு விசாரணையின் முடிவு. இன்னும் நீண்ட நேரம் இருந்திருப்பார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

எட்டு மணி நேரம் என்பதே சரியென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நோர்வேயை முதல் நாளே கூப்பிட்டிருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். இதைச் சொல்லித்தான் அன்றைய தளபதிகளுக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் பேசுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. உதவியை மறுத்த அந்த நாள்களில், உள்ளே எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறார்கள், தட்டுகிறார்கள் என்று அவர்களே உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருப்பதாக நம்பிய மனிதர்களுக்கு வரவிருந்த உதவியைத்தான் வாசலிலேயே தடுத்து நிறுத்தினார்கள். அந்த மனிதர்கள் அதற்கு முன்பே இறந்திருந்தது அவர்களுடைய குற்றத்தைக் குறைக்காது. மேலும், எட்டு மணி நேரம் என்ற கணக்கு சரியானால், வெடிப்பு நடந்த பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரவு 11:30க்குத்தான் ஆபத்து அறிவித்தார்கள் என்பது இன்னும் கனமாகிறது.

வழக்கு முடிந்தது

2001 அக்டோபரில் மம்மூட், ஸ்மிட் என்ற இரண்டு டச்சு நிறுவனங்கள் குர்ஸ்கை மேலே தூக்கின. உள்ளே வெடிக்காத டார்பிடோக்கள் இருக்கலாம் என்ற அச்சத்தில் சிதைந்த மூக்குப் பகுதியைக் கம்பி ரம்பத்தால் அறுத்துக் கடலடியிலேயே விட்டுவிட்டு, 26 இடங்களில் எஃகு வடங்களைப் பிணைத்து, ‘ஜயன்ட் 4’ என்ற மிதவைக் கப்பலின் அடியில் தொங்கவிட்டபடி கரைக்குக் கொண்டுவந்தார்கள். பொறியியல் வரலாற்றில் அது ஒரு சாதனை. அதே நேர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் இருந்திருக்கலாம்.

அந்த ஆண்டு டிசம்பரில் பப்போவ் உட்படப் பல கடற்படை அதிகாரிகள் பதவி இழந்தார்கள். காரணமாகச் சொன்னது பயிற்சி ஏற்பாட்டில் குறைபாடு. அடுத்த ஆண்டே பப்போவ் ரஷ்ய நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினரானார். 2002 ஜூலையில் தலைமை அரசு வழக்கறிஞர் விளாதிமீர் உஸ்தினோவ் 133 தொகுதி விசாரணைக் கோப்புகளை மூடினார். டார்பிடோ வெடித்தது, யார்மீதும் குற்றவழக்கு இல்லை. 118 பேர் இறந்த விபத்தில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை.

ஆனால் மாற்றம் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2005 ஆகஸ்ட். கம்சாத்கா கடலோரத்தில் ‘ஏஎஸ்-28’ என்ற ரஷ்ய மீட்புக் கலம் 190 மீட்டர் ஆழத்தில் கம்பிகளிலும் மீன்வலைகளிலும் சிக்கிக்கொண்டது. உள்ளே ஏழு பேர். ஐந்து ஆண்டுக்கு முன் நடந்ததை எல்லாரும் நினைத்துப் பார்த்தார்கள். இந்த முறை ரஷ்யா நாள்களைக் கடத்தவில்லை; பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும் ஜப்பானிடமும் உதவி கேட்டது. பிரிட்டனின் ‘ஸ்கார்ப்பியோ’ என்ற ஆளில்லாக் கலம் விமானத்தில் வந்து இறங்கி, கடலுக்குள் போய்க் கம்பிகளை அறுத்தது. ஆகஸ்ட் 7ஆம் தேதி ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

நமக்கும் இதில் படிக்க வேண்டியது உண்டு. குர்ஸ்க் பிறந்த அதே செவெரோத்வின்ஸ்கில் சீரமைக்கப்பட்டுத் திரும்பிய நம்முடைய ‘சிந்துரக்ஷக்’ நீர்மூழ்கி, 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் வெடித்து மூழ்கியது. 18 மாலுமிகள் இறந்தார்கள். ஆழ்கடலில் மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்கும் சொந்தக் கலம் இந்தியாவிடம் அப்போது இல்லை. 2018இல்தான் அது வந்தது. 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் ‘நங்காலா’ நீர்மூழ்கி பாலித் தீவுக்கு வடக்கே 53 பேரோடு காணாமல் போன செய்தி வந்ததும், விசாகப்பட்டினத்திலிருந்து அந்த மீட்புக் கலம் உடனே கிளம்பியது. 838 மீட்டர் ஆழத்தில் நங்காலா மூன்று துண்டாகக் கிடந்தது. காப்பாற்ற யாரும் இல்லை. ஆனாலும் இந்தோனேசியா மறைக்காமல் சொன்னது, உடனே கேட்டது. கேட்ட நாடுகள் எல்லாம் புறப்பட்டன. நீர்மூழ்கியில் ஒருவரை அனுப்பும் எந்த நாடும் அவர் குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவாவது செய்ய வேண்டும்.

குர்ஸ்கை உடைத்து இரும்பாக்கியபோது அதன் கோபுரத்தைப் பழைய இரும்புக் கிடங்கில் போட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்து மக்கள் குரல் எழுப்பிய பிறகு அதை மீட்டு, 2009இல் மூர்மன்ஸ்க் நகரில் ஒரு தேவாலயத்துக்கு அருகே நினைவுச்சின்னமாக நிறுத்தினார்கள். கோலெஸ்னிகோவ் புனித பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டார். 118 பேரில் 115 பேரின் உடல்களை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் கொடுத்தார்கள். மூன்று பேரின் குடும்பங்களுக்குப் பெயர் மட்டும் கிடைத்தது.